மணல்கோட்டைப் பூதம் வரையப் பழக எந்த வழி நல்லது?

கோடை விடுமுறைக்கு அக்கா மகள் மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்திருந்தாள். எட்டு வயது. வந்த மறுநாள் சாயங்காலமே சொத்தவிளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். கையோடு கொண்டுபோன சிரட்டையில் (கொட்டாங்குச்சி) ஈர மணலை அமுக்கிக் கவிழ்த்துக் கவிழ்த்து நாலைந்து கோபுரங்களை எழுப்பினாள். கொஞ்ச நேரத்தில் நடுக் கோபுரத்தின் முன்பக்கம் பொலபொலவென்று உதிர்ந்தது. உதிர்ந்த இடம் திறந்த வாய் மாதிரி இருந்தது. இரண்டு சிப்பிகளைத் தேடி எடுத்து வாய்க்கு மேலே பதித்தாள்.

"மாமா, இது கோட்டை இல்ல, பூதம். இத நான் வரையணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து வரைந்து பார்த்தாள். வரவில்லை. முக்கோணம் ஒன்று, அதற்குள் இரண்டு வட்டம், ஒரு கோடு. அவ்வளவுதான் தாளில் இருந்தது. கடற்கரையில் அவள் பார்த்தது அது இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "விடு மக்களே, நாளைக்கு வரையலாம்" என்று அம்மா சமாதானப்படுத்தினார்.

அந்த விடுமுறையில் இந்த ஒரே பூதத்துக்காக நான்கு வழிகளை முயன்றோம். கைப்பேசியில் காணொளி, படிப்படியாக வரைந்து காட்டும் அச்சுத் தாள், ஓவிய வகுப்பு, நேரே கடற்கரை. வீட்டில் வரைய ஆசைப்படும் பிள்ளை இருந்து, எதில் தொடங்குவது என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரியவர்கள் தாங்களே வரையப் பழகுவதற்கும் இது பொருந்தும். நானும் அவளோடு சேர்ந்து வரைந்துதான் பழகினேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்துக்கு அச்சுத் தாள்தான் நல்லது. ஆனால் அது தனியாகப் போதாது. தாளில் முதல் படி என்று போட்டிருக்கிறதே, அதற்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது. அது மணலில் இருக்கிறது. கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் படியைக் காட்டாமல் விடக்கூடாது என்பது என் கருத்து.

காணொளி

எல்லோரும் முதலில் போவது இதற்குத்தான். நாங்களும் அப்படித்தான் போனோம். எட்டு நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்து வரைந்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நேரம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் பாதி நேரம் வரையவே இல்லை. நிறுத்துவது, பின்னால் தள்ளுவது, மறுபடி ஓட விடுவது, நடுவில் வரும் விளம்பரத்தைத் தாண்டுவது என்று கை கைப்பேசியிலேயே இருந்தது. வரைகிறவரின் கை கோடுகளை மறைத்துக்கொண்டே போகிறது. கை விலகும்போது அடுத்த கோடு பாதி வந்துவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது துரத்திப் பிடிக்கும் விளையாட்டாகிவிட்டது. பிடிக்க முடியாமல் போனதும் அழுகை வந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. திரை நிமிர்ந்து நிற்கிறது, தாள் படுத்துக் கிடக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் போடும்போது அளவு மாறிப் போகிறது. கைப்பேசித் திரையின் அளவுக்கே அவள் தாளின் மூலையில் சின்னதாக வரைந்தாள். பூதம் தீப்பெட்டி அளவில் வந்தது.

ஆனால் காணொளியில் மட்டுமே கிடைக்கிற ஒன்று இருக்கிறது. கை எப்படி அசைகிறது, பென்சிலை எவ்வளவு அழுத்துகிறார்கள், புள்ளி வைக்கும்போது எவ்வளவு வேகம் என்பதை அச்சுத் தாள் காட்டாது. மணல் என்று தெரிய வேண்டுமானால் புள்ளிகள்தான் முக்கியம். நிழல் பக்கம் நெருக்கமாகவும் வெளிச்சப் பக்கம் விட்டுவிட்டும் புள்ளி வைக்க வேண்டும். அதை அவள் காணொளி பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். ஆகவே முழுப் படத்துக்கும் காணொளியை நம்பாமல், இரண்டாவது வாரத்தில் புள்ளி வைப்பதற்கு ஒன்று, உருளைக்கு நிழல் கொடுப்பதற்கு ஒன்று என்று துண்டாகப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் அழுகை வராது.

டேப்லெட் வாங்கி அதில் வரையலாமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்றேன். கிரிட்டா போன்ற இலவச மென்பொருள்கூட இருக்கிறது, அடுக்கு அடுக்காக வரையலாம், பிடிக்காத கோட்டை ஒரு தட்டில் நீக்கலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தப்பான கோடு தாளிலேயே கிடந்து, அதற்குப் பக்கத்தில் சரியான கோடு விழுவதைக் கண் பார்க்க வேண்டிய வயது இது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

அச்சுத் தாள்

ஆறு கட்டம், எட்டுக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று கோடுகளைக் கூட்டிக்கொண்டே போய் கடைசியில் முழு உருவம் வரும் தாளைச் சொல்கிறேன். பழைய ஓவியப் பயிற்சி நோட்டுகளில் வாத்து, முயல், மாம்பழம் எல்லாம் இப்படித்தான் இருக்கும். ஒரு ஜெராக்ஸ் எடுக்க இரண்டு ரூபாய். இதன் பலம் என்னவென்றால், எல்லாப் படியும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கிறது. எதுவும் ஓடுவதில்லை. நான்காம் படியில் குழம்பினால் கண்ணை மூன்றாம் படிக்குத் திருப்பினால் போதும். பிள்ளை தன் வேகத்தில் போகலாம். நடுவில் எழுந்துபோய்ப் பலாச்சுளை தின்றுவிட்டு வரலாம்.

தாளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கிறவற்றைச் சொல்கிறேன். அந்தந்தப் படியில் புதிதாக வந்த கோடு வேறு நிறத்திலோ கொஞ்சம் அழுத்தமாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் எது புதுக் கோடு என்று தேடுவதிலேயே பிள்ளை களைத்துவிடும். அப்புறம், பெரிய வடிவத்தில் தொடங்கிச் சின்ன வடிவத்துக்குப் போக வேண்டும். முதல் படியிலேயே கண்ணை வரையச் சொல்லும் தாளை ஒதுக்கிவிடுங்கள். கண் எங்கே உட்கார வேண்டும் என்பதை உடம்புதான் தீர்மானிக்கிறது. கடைசியாக, தாவல் இருக்கக்கூடாது. ஐந்தாம் படி வரை வெறும் உருளையாக இருந்த பூதம் ஆறாம் படியில் பல், நகம், நிழல், கொடி எல்லாவற்றோடும் நிற்கிற தாள்கள் நிறைய இருக்கின்றன. பெரியவர்களுக்கே அதில் கை நின்றுவிடும்.

எங்களுக்கு மனசுக்குப் பிடித்த தாள் கிடைக்கவில்லை. அதனால் நானே ஒன்று தயார் செய்தேன். ஒரு ஏ4 தாளை மூன்று தடவை பாதிப் பாதியாக மடித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 74-க்கு 105 மில்லிமீட்டர். அந்த எட்டுக் கட்டத்தில் நான் போட்டது இது.

முதல் கட்டத்தில் ஒரு குவியல் மட்டும். தாளின் அடியில் அகலமாக, குப்புறக் கவிழ்த்த தாம்பாளம் மாதிரி. இரண்டாவதில் அதன்மேல் ஒரு பெரிய புட்டு. புட்டுக்குழலிலிருந்து தள்ளின புட்டு எப்படி நிற்கும்? அதேதான். பக்கக் கோடுகள் இரண்டும் நேர், மேலே முட்டை வடிவம். இந்த ஊர்ப் பிள்ளைக்கு உருளை என்று சொல்லிப் புரியவைப்பதைவிடப் புட்டு என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். மூன்றாவதில் இரண்டு பக்கமும் இரண்டு சின்னப் புட்டு, கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்து. அவை தோள். நான்காவதில் பெரிய புட்டின் நடுவே வளைவான கோட்டை வாசல். அதுதான் வாய். வாசலிலிருந்து முன்னால் நீளும் பாலத்தைப் போட்டால் நாக்கு. ஐந்தாவதில் வாசலுக்கு மேலே இரண்டு சன்னல், ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் அது கட்டடமாகத் தெரிகிறது. ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் பார்வை வந்துவிடுகிறது. ஆறாவதில் மேல் விளிம்பில் மதில்பல் (கோட்டை மதிலின் மேலே வரும் மேடு பள்ளம்), வாசலில் நிஜப் பல். ஏழாவதில் தோள்களிலிருந்து வழிகிற கைகள். எட்டாவதில் உதிர்தல். வரைந்த கோடுகளை நான்கைந்து இடத்தில் அழித்துவிட்டு அங்கே புள்ளிகளை விழவைக்க வேண்டும்.

பென்சில் விஷயம் சுருக்கமாக: ஏழாம் கட்டம் வரை எச்பி பென்சிலால் மெல்லிசாக, எட்டாவதில் மட்டும் கறுப்பாக விழும் 4பி. அழுத்திப் போட்ட கோட்டை ரப்பரால் அழித்தாலும் பள்ளம் தாளில் நிற்கும்.

இரண்டாம் நாளே அவளுக்கு முழுப் பூதமும் வந்துவிட்டது. வீடே சந்தோஷப்பட்டது. மூன்று நாளில் பதினொரு பூதம் வரைந்தாள். பதினொன்றையும் வரிசையாகத் தரையில் பரப்பியபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எல்லாம் ஒரே பூதம். அதே சாய்வு, அதே கண், வாயில் எண்ணி நாலு பல். "இது படுத்துத் தூங்குனா எப்பிடி இருக்கும், வரைஞ்சு காட்டு" என்றேன். பென்சிலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "தாளுல அது இல்லையே மாமா" என்றாள்.

தாளின் எல்லை அதுதான். அது ஒரு படத்தைத் தருகிறது. அந்தப் படம் ஏன் அப்படி இருக்கிறது என்பதைத் தருவதில்லை. அதற்காகத் தாளைக் குறைசொல்ல முடியாது. கைக்கு முதலில் ஒரு வெற்றி வேண்டும். அதைத் தாள் இரண்டே நாளில் கொடுத்துவிட்டது. அந்த வெற்றி இல்லாமல் நேரே கடற்கரையில் நோட்டோடு உட்காரவைத்திருந்தால் மறுபடியும் கிழித்துத்தான் போட்டிருப்பாள்.

வகுப்பு

வகுப்பையும் பார்த்துவிடலாம் என்று பக்கத்தில் ஒன்றில் சேர்த்தோம். வாரத்தில் இரண்டு நாள். முதல் வகுப்பிலேயே அச்சடித்த மயில் படத்தைக் கொடுத்து, கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். இரண்டாவது வகுப்பில் அதே மாதிரி ஒரு ரோஜா. வரைதல் எப்போது என்று கேட்டதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. நிறுத்திவிட்டோம்.

இதை வைத்து வகுப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் கரும்பலகையில் ஒரே இழுப்பில் குடம் போடுவதைப் பார்த்தவன் நான். நல்ல ஆசிரியர் பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்தே தோளிலிருந்து வரை, விரலிலிருந்து வரையாதே என்று திருத்திவிடுவார். அதைத் தாளும் சொல்லாது, காணொளியும் சொல்லாது. தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகள் உண்டு. அதை நோக்கிப் போகிற பிள்ளைக்கு வகுப்பு கட்டாயம் வேண்டும். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களிலும் ஓவியம் கற்றுத் தருகிறார்கள். ஆனால் வகுப்புக்கு அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது. நேர்கோடு, வளைகோடு, இலை, குடம் என்று போகும். பூதம் வரைய வந்த பிள்ளையை ஆறு மாதம் குடம் வரையச் சொன்னால், குடம் வருவதற்குள் பூதம் போய்விடும். பிள்ளை தானாக இன்னும் நன்றாக வரையணும் என்று கேட்கும் நாள் வரட்டும். அப்போது சேருங்கள். சேர்க்கும் முன் ஒரு வகுப்பு நேரம் முழுக்க வெளியே உட்கார்ந்து, பிள்ளைகள் வெறும் தாளில் வரைகிறார்களா, அச்சடித்த கோட்டுக்குள் வண்ணம் மட்டும் தீட்டுகிறார்களா என்று பாருங்கள்.

கடற்கரை

பதினொரு பூதத்துக்குப் பிறகு சொத்தவிளைக்கு மறுபடியும் போனோம். இந்தத் தடவை நோட்டு, இரண்டு பென்சில், சிரட்டை, பழைய புட்டுக்குழல், ஒரு வாளி. முதல் அரைமணி நேரம் வரையக் கூடாது, கட்ட மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.

காய்ந்த மணலைச் சிரட்டையில் அள்ளிக் கவிழ்த்தாள். நிற்கவில்லை. குவியலாகச் சரிந்தது. எத்தனை தடவை கொட்டினாலும் சரிவு ஒரே மாதிரி வந்தது. காய்ந்த மணல் ஏறக்குறைய 30 முதல் 35 பாகைச் சரிவில்தான் நிற்கும், அதற்கு மேல் செங்குத்தாக நிற்காது. ஈர மணலைக் கவிழ்த்தால் நேராக நின்றது. மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் தண்ணீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால் அப்படி. தண்ணீர் அதிகமானால் பிடி விட்டுப்போய்க் கூழாக ஓடும். அந்தக் கூழைக் கையில் அள்ளி விரல் நுனி வழியே சொட்டவிட்டால் மெழுகு வடிந்தது போல் முண்டு முண்டாக ஏறும்.

இந்த மூன்றும்தான் பூதத்தின் உடம்பு. காய்ந்த இடம் சரியும், ஈரமான இடம் நேராக நிற்கும், கூழான இடம் வழியும். நான் தாளில் ஏழாவது கட்டத்தில் கைகள் வழிகின்றன என்று போட்டேனே, அது ஏன் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. விரல்களைச் சொட்டுச் சொட்டாக மணலில் செய்தாள், அப்படியே நோட்டில் வரைந்தாள். வெயில் பட்டு முதலில் காய்வது மேல் விளிம்பு. ஆகவே உதிர்தல் நெற்றியிலிருந்து தொடங்குகிறது. புருவம் முதலில் போகிறது. புருவம் ஒரு பக்கம் சரிந்ததும் பூதத்துக்குச் சோகம் வந்துவிட்டது. "மாமா, அது பயப்படுது. அலை வருதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள். எந்தத் தாளிலும் இல்லாத முகபாவம் அது.

அப்புறம் அவளைக் குப்புறப் படுத்துப் பார்க்கச் சொன்னேன். நின்று பார்க்கும்போது புட்டின் மேல்பக்கம் முட்டை வடிவமாகத் தெரிகிறது. உட்கார்ந்தால் முட்டை ஒடுங்குகிறது. கண் அதே உயரத்துக்கு வந்தால் வெறும் கோடாகிவிடுகிறது. அதற்கும் கீழே போனால் மேல் விளிம்பு மேல்நோக்கி வளைகிறது, பூதம் ராட்சசனாகிவிடுகிறது. ஒரே புட்டு, நான்கு உயரம், நான்கு படம். கண்மட்டம் என்ற பாடம் அதுதான். அந்தப் பெயரை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

நிழலும் அங்கேதான் புரிந்தது. சொத்தவிளையில் கடலைப் பார்த்து நின்றால் சாயங்கால வெயில் வலப்பக்கமாக வரும். ஒவ்வொரு கோபுரத்தின் இடப்பக்கமும் இருட்டு. நிழல் தரையில் இடப்பக்கம் நீளும். அச்சுத் தாள் பூதத்துக்கு அவள் எல்லாப் பக்கமும் நிழல் போட்டிருந்தாள்.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காணொளியிலும் தாளிலும் மணல் என்றால் மஞ்சள். நம் கரையில் மணல் அப்படியா இருக்கிறது? அலை வந்து திரும்பும் இடத்தில் கறுப்பு வரி, அதன் ஓரத்தில் கருஞ்சிவப்பு, மேலே போனால் வெளுத்த மணல். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65 தான், இல்மனைட்டுக்கு ஏறக்குறைய 4.7. லேசான மணலை அலை அள்ளிப்போக, கனமானது கரையில் வரிவரியாகத் தங்கிவிடுகிறது. கன்னியாகுமரியில் பல நிற மணலைப் பொட்டலம் போட்டு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். மணவாளக்குறிச்சியில் ஐஆர்இஎல் என்ற அரசு நிறுவனத்தின் ஆலை இருப்பதும் இந்தக் கனிமங்களுக்காகத்தான். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட் என்ற இன்னொரு கனிமத்தைக் கண்டுபிடித்தார். இதைச் சொன்னதும் அவள் பூதத்துக்குக் கறுப்பும் சிவப்புமாக வரி போட்டாள், புலி மாதிரி. அந்தக் கணத்தில் அது குமரிமாவட்டத்துப் பூதமாகிவிட்டது.

கடற்கரையில் குறைகளும் உண்டு. வெயில், காற்றில் பறக்கும் தாள், ரப்பரில் ஏறும் மணல். ஈரக் கை பட்டால் படம் போச்சு. வெயில் தணிந்து, நாலரைக்கு மேல் போனால் சமாளிக்கலாம். நோட்டைக் கிளிப் வைத்த அட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் கடல். நம் கடல் குளிக்கிற கடல் இல்லை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் (திடீரென்று பொங்கி ஏறும் அலை) எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில் கரைக்கே போகாதீர்கள். மற்ற நாளிலும் அலை ஏறும் கோட்டுக்கு நன்றாக மேலே, ஈர மணலை வாளியில் கொண்டுவந்து கட்டலாம். வாளி நிரப்பும் வேலை பெரியவர்களுடையது. பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைப்பேசி பார்க்காதீர்கள்.

கடற்கரைக்கு எல்லா நாளும் போக முடியாது. அருமனை, குலசேகரம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தூரமும் அதிகம். வீட்டு முற்றத்தில் ஒரு சட்டி மணலும் ஒரு செம்புத் தண்ணீரும் இருந்தால் சரிவும் நிற்றலும் வழிதலும் அங்கேயே தெரியும். கறுப்பு வரி மட்டும் இருக்காது.

பூதத்தின் தலைக்கு எந்தக் கோட்டை?

இது நான் எதிர்பார்க்காமல் வந்த கேள்வி. அச்சுத் தாள்களில் வரும் கோட்டை எல்லாம் ஐரோப்பியக் கோட்டை. கூம்புக் கூரை, மேலே முக்கோணக் கொடி. அதை வரையக் கூடாது என்றில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டக்கோட்டைக்குப் போனோம். மார்த்தாண்ட வர்மா காலத்தில் டிலனாய் புதுப்பித்த கருங்கல் கோட்டை, ஏறக்குறைய 25 அடி மதில். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரிதான் இந்த டிலனாய். மதில் கடலுக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள கோடுகளை அவள் எண்ணினாள். கல்கோட்டையில் மூலை கூர்மையாக இருக்கிறது, மணல்கோட்டையில் மூலை மழுங்கியிருக்கிறது என்று அவளாகவே சொன்னாள்.

திரும்பும் வழியில் சுசீந்திரம். தாணுமாலயன் கோயில் கோபுரம் ஏழு நிலை. கீழே அகலம், மேலே போகப் போகக் குறுகல். மணலுக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் வேறு இல்லை, ஏனென்றால் மணல் நிற்க விரும்புவதே அப்படித்தான். நேரான புட்டை அடுக்குவதைவிட, அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே போகும் தலை வரைவதற்கும் சுலபம். உள்ளே தூணில் யாளியைக் காட்டினேன். சிங்கத்தின் உடம்பு, யானையின் துதிக்கை, பிதுங்கிய கண். தெரிந்த உறுப்புகளை எடுத்துத் தெரியாத ஒன்றைச் செய்வது நம் சிற்பிகளுக்குப் பழக்கமான வேலை. படிப்படியாகக் கார்ட்டூன் பூதம் வரைவதும் அதேதான் என்று எனக்குத் தோன்றியது. அவள் தூணுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு, "இதுக்கும் பல்லு வரிசையா இல்ல மாமா, உள்ள வளைஞ்சு போகுது" என்றாள். அன்றிலிருந்து அவளுடைய பூதங்களின் பல் வாய்க்குள் வளைந்தது.

வண்ணத்துக்கு ஒரு வார்த்தை. கிரயான், ஸ்கெட்ச் பேனா, நீர்வண்ணம் மூன்றும் போட்டுப் பார்த்தோம். ஸ்கெட்ச் பேனா மணலை பிளாஸ்டிக் ஆக்கிவிடுகிறது. கிரயான் பரவாயில்லை, தாளின் சொரசொரப்பு மேலே வந்து மணல் போலவே தெரியும். நீர்வண்ணத்தில் பழைய பல்துலக்கியைத் தோய்த்து விரலால் நிமிண்டித் தெறிக்கவிட்டால் புள்ளிகள் அழகாக விழும், தரையும் சேர்ந்து நனையும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பாடப்புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புத் தாள். தாளே மணல் நிறத்தில் இருப்பதால் நடுநிறம் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. நிழலுக்குக் கறுப்புப் பென்சில், வெயில் படும் பக்கத்துக்கு வெள்ளைச் சுண்ணக்கட்டி. இரண்டே பொருளில் உருளை உருண்டுவிடும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தாளும் வேண்டாம், காணொளியும் வேண்டாம். மணலும் சிரட்டையும் கொடுங்கள். வரைந்தால் வரையட்டும். ஏழிலிருந்து பத்து வரைக்கும் நான் சொன்ன வரிசைதான்: மூன்று நாள் அச்சுத் தாள், பக்கத்தில் ஒரு பெரியவர் தன் தாளில் கூடவே வரைந்துகொண்டு, நான்காம் நாள் கடற்கரை அல்லது முற்றத்து மணல், அப்புறம் புள்ளிக்கும் நிழலுக்கும் மட்டும் காணொளி. பத்து வயதுக்கு மேல் தாளையும் கடற்கரையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பள்ளிக்கூடப் போட்டிக்கு நாளைக்கே ஒரு படம் வேண்டும் என்ற நெருக்கடி என்றால் தாள் மட்டும் போதும், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பெரியவர்கள் தனியாகப் பழகுவதானால் கடற்கரையிலேயே தொடங்கலாம், கிழித்துப் போடும் வயது தாண்டிவிட்டதால். ஒன்றே ஒன்றுதான் முடியும் என்று யாராவது என்னை நிறுத்திக் கேட்டால், தாளும் கூடவே உட்கார ஒரு ஆளும் என்பேன். ஆள் இல்லாத தாளில் பாதிப் பயன்தான்.

ஜூன் தொடக்கத்தில் அவள் மதுரைக்குக் கிளம்பினாள். கிளம்புவதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுப் பையன், ஐந்து வயது, தனக்கும் பூதம் வரையச் சொல்லித்தா என்று வந்து நின்றான். அவள் ஒரு ஏ4 தாளை எடுத்து மூன்று தடவை மடித்தாள். எட்டுக் கட்டம். முதல் கட்டத்தில் பூதம் இல்லை. ஒரு சிரட்டை இருந்தது, அதற்குள் புள்ளி புள்ளியாக மணல், பக்கத்தில் ஒரு கை. கீழே எழுதியிருந்தாள்: "1. நல்லா அமுக்கணும்."